அக்காவுக்கு ஒரு சோடி கையுறை

தோல் கருகும் வாசனை.

கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட, நடைபாதையில் கறுப்புக் குடை விரித்து உட்கார்ந்திருக்கும் செருப்புத் தைப்பவர், காய்ச்சிய கம்பியால் ஒரு வாரில் துளை போட்டுக்கொண்டிருந்தார். நான் பஸ்ஸுக்கு நின்றேன். ஹந்தானை மலைமேல் மழை வருவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறிய கணத்தில் என் வலது கை தானாகப் போய்க் கழுத்தைப் பிடித்துக்கொண்டது.

பக்கத்தில் நின்ற பெண் என்னைப் பார்த்துவிட்டு ஓரடி தள்ளி நின்றாள்.

ஏன் கழுத்தைப் பிடித்தேன் என்று அவளுக்குச் சொல்ல நேரமில்லை, பஸ் வந்துவிட்டது. உங்களுக்குச் சொல்கிறேன். சென்ற கிழமை இங்கே எழுதும்போது கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நிறுத்திய கதை அங்கேயே ஆற்றைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நிற்கட்டும். இது முந்திக்கொண்டு வருகிறது. நடந்து அதிக காலமும் ஆகவில்லை. போன பெருமழைக்கும் இந்தப் பெருமழைக்கும் இடையில்தான்.

கதிரைக் காலோடு போனவள்

என் அக்கா சரோஜா ஓர் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவள். பிறர் பெயரைப் பதிந்து, பிறர் கடிதத்துக்கு முத்திரை குத்தியே தேய்ந்த கை. ஓய்வு பெற்ற சூட்டோடு, அம்பிட்டியவில் அவள் வீட்டில் உட்காரும் கதிரை ஒன்றின் கால் உடைந்தது. அருகில் யாரும் செய்துதரவில்லை. யாரோ சொன்னார்கள் என்று, உடைந்த காலைச் சீலைப்பையில் போட்டுக்கொண்டு திகனவுக்குப் பஸ் ஏறினாள்.

திகனவில் நவ்பர் நானாவின் பட்டறை. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். தகரக் கூரை, ஒரு கடைசல் மெசின், மூலையில் பலாக் கட்டைகள். நானா மெசினில் ஒரு கட்டையைப் பூட்டிச் சுழல விட்டார். உளி பட்ட இடத்திலிருந்து மஞ்சள் சுருள்கள் பறந்தன. கரடுமுரடாக இருந்த ஒன்று, கண்முன்னால் இடுப்பும் கழுத்தும் பெற்றுக்கொண்டது. அக்கா குடையை ஊன்றிக்கொண்டு பார்த்தாள்.

"மிஸ், கால் செஞ்சி முடிஞ்சி. இன்னம் நிக்கிறீங்களே?"

"நானா, இத நான் பழகலாமா?"

நானா அவளுடைய நரைத்த தலையைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார், குடையைப் பார்த்தார். சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அப்படித்தான் ஆரம்பம்.

வீட்டில் இதைச் சொன்னபோது அத்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அத்தான் நெஞ்சைப் பிடித்தால் நாங்கள் எல்லோரும் எழுந்து நிற்போம். முந்திய ஆண்டு அவருக்கு மாரடைப்பு வந்து, ஆஸ்பத்திரி வாசலில் அக்காவும் நானும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்ற காலம் ஒன்று உண்டு. ஆனால் அவருக்கு மட்டும் அது பயமாகத் தங்கவில்லை, சொல்லிச் சிரிக்கும் பகிடியாகத் தங்கிவிட்டது.

"ஒங்க அக்கா எதுக்குப் போறா தெரியுமா மாப்ள? எனக்குப் பெட்டி செய்யப் பழகுறா. கடையில வாங்கினா சைஸ் சரியா வராதாம்."

அக்கா குசினிக்குள் போய்விட்டாள். அங்கே ஏதோ ஒரு சட்டியின் மூடி, தேவைக்கு அதிகமான சத்தத்துடன் விழுந்தது.

எதைக் கொடுப்பது?

அவளுடைய பிறந்தநாள் வந்தது. எங்கள் வீட்டில் பிறந்தநாள் என்றால் பாயசமும் கோயில் அர்ச்சனையும். பரிசு என்பது கல்யாணத்துக்கும் பிரியாவிடைக்கும் உரியது. அலுவலகப் பிரியாவிடையில் அக்காவுக்குக் கிடைத்தவை: ஒரு சுவர்க்கடிகாரம், ஒரு கண்ணாடித் தட்டுச் சோடி, இன்னொரு சுவர்க்கடிகாரம். இரண்டு கடிகாரங்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் இன்னும் அவள் வீட்டு மண்டபத்தில் வாதாடிக்கொண்டிருக்கின்றன.

யோசித்துப் பார்த்தால், ஆயுள் முழுவதும் அவளுக்கு வந்த பரிசுகள் எல்லாம் மற்றவர்கள் பாவிக்கும் பொருள்கள். வருகிறவர்களுக்கு ஊற்ற ஒரு தேநீர்ச் செட். தங்குகிறவர்களுக்கு விரிக்க ஒரு படுக்கை விரிப்பு. அவளுடைய கைக்கென்று யாரும் எதுவும் கொடுத்ததில்லை. இந்த முறை நான் கொடுப்பேன் என்று எனக்குள் ஒரு வேகம். எனக்கு வேகம் வந்தால் கால் நிற்காது. கண்டித் தெருக்களில் ஏறி இறங்கினேன்.

மரவேலை பழகுகிற ஒருவருக்கு எதைக் கொடுப்பது? உளியா? உளி அவரவர் கைப்பிடிக்கும் உயரத்துக்கும் பொருந்த வேண்டுமாம். அடுத்தவர் கண்ணுக்குச் செய்த மூக்குக்கண்ணாடியை நாம் போட்டுக்கொள்ள முடியுமா? அதோடு, கூரான இரும்பைக் கைக்குக் கை கொடுத்தால் உறவு அறும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். கத்தரிக்கோலைக்கூடத் தரையில் வைப்போம், கேட்டவர் குனிந்து எடுத்துக்கொள்வார். பிறந்தநாள் பரிசைத் தரையில் வைத்து எடுக்கச் சொல்வதா? மரவேலைப் புத்தகமா? அவள் வாழ்நாளில் படித்த காகிதங்கள் போதும். மெழுகா, மரம் தேய்க்கும் அரத்தாளா? அரத்தாளைப் பொட்டலம் கட்டி வாழ்த்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் அவள் கைதான் நினைவுக்கு வந்தது. மரச் சிராய் ஏறிச் சிவந்த விரல் நுனிகளை அவள் மஞ்சள் பூசி மறைத்ததை ஒருநாள் பார்த்திருந்தேன். சரி, கையுறை. மிருதுவான, நல்ல தோல் கையுறை.

இரும்புக் கடையில் கேட்டேன்.

"கையுறையா? எதுக்கு, ரோசாச் செடிக்கா?"

"மெசின்ல மரம் கடையிறதுக்கு."

"யாரு கடையிறது?"

"என் அக்கா."

"அண்ணனா?"

"அக்கா."

கடைக்காரர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "அப்ப சின்ன சைஸ் எடுடா," என்று குரல் கொடுத்தார்.

தேன்நிறத் தோல். உள்ளே பஞ்சு. மணிக்கட்டில் இறுக்கிக் கட்ட ஒரு வார். புதுத் தோலின் வாசனையைத் திகன வரும்வரை பஸ்ஸில் முகர்ந்துகொண்டே போனேன். தென்னக்கும்புரப் பாலத்தில் மகாவலி கலங்கிச் சிவந்து போய்க்கொண்டிருந்தது. என் வாழ்க்கையில் நான் தேர்ந்தெடுத்த மிகச் சிறந்த பரிசு இதுதான் என்று நினைத்தேன்.

விழுங்கியது

பட்டறையில் அக்கா அத்தானின் பழைய நீளக்கைச் சட்டையைப் போட்டு, கையை முழங்கைக்கு மேல் மடித்திருந்தாள். வளையல் இல்லை, மோதிரம் இல்லை. காலர்ப் பொத்தானைக் கழுத்தோடு பூட்டி, அதற்கும் மேலே ஓர் ஊக்குக் குத்தியிருந்தாள். அந்தப் புழுக்கத்தில் இது என்ன மரியாதை என்று எண்ணிக்கொண்டேன்.

பொதியைப் பிரித்தாள். கையுறையைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது, உடனே வேறு மாதிரியாயிற்று.

"எவ்வளவு வடிவா இருக்கு," என்று தோலைத் தடவினாள். "தம்பி, இத நான் வீட்டுல ரோசாச் செடிக்கு வச்சுக்கவா?"

"ஏன்? மெசினுக்குத்தான் வாங்கினேன்."

அக்கா நானாவைப் பார்த்தாள். நானா தலையைக் குனிந்துகொண்டார். "மிஸ், வாணாம். பாவம், புதுசு," என்றார்.

"இல்ல நானா. இவனுக்குச் சொன்னா விளங்காது. எழுதுறவன்."

ஒரு கையுறைக்குள் மரத்தூளை அள்ளித் திணித்தாள். விரல் ஐந்தும் உயிர் வந்தாற்போல் விடைத்தன. ஒரு நீளக் கம்பின் நுனியில் அதைக் கட்டினாள். முதல் நாள் பழக வருகிற எல்லோருக்கும் நானா பழைய துணியில் காட்டுவாராம். என்னைச் சுவரோரமாகப் போய் நிற்கச் சொன்னாள். தானும் மெசினுக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் ஒதுங்கி நின்றாள். நானா சுவிட்சடிக்குப் போனார்.

மெசின் எழுந்தது. முதலில் ஒரு முனகல், பிறகு ஒரே நீள இரைச்சல். கட்டை சுழல்வது தெரியவில்லை, ஆடாமல் நிற்பதுபோல் இருந்தது. அதுதான் அதன் பொய். அக்கா கம்பை நீட்டினாள். கையுறையின் சுண்டுவிரல் மட்டும், மட்டும்தான், கட்டையைத் தொட்டது.

எனக்குப் பார்க்கக் கிடைக்கவில்லை. நடந்ததைப் பார்க்கும் அளவுக்கு அது நீளமாக இல்லை. 'டப்' என்று ஒரு சத்தம். கம்பு அவள் பிடியிலிருந்து பிய்ந்து போய்த் தகரச் சுவரில் அறைந்தது. கையுறை இல்லை. அது இருந்த இடத்தில், கட்டையைச் சுற்றித் தோல் கயிறாக முறுகி, தேய்ந்து, புகைந்தது. மரத்தூள் காற்றில் மஞ்சளாக நின்றது. நானா சுவிட்சைத் தட்டியிருந்தார். சத்தம் அடங்க அடங்க, தோல் கருகும் வாசனை வந்தது.

அந்த ஐந்து விரல்களுக்குள் நான் மனதில் வைத்திருந்தது யாருடைய விரல்கள்!

"கையோட வெறும் தோல்னா கிழியும், தப்பிக்கலாம்," என்றாள் அக்கா, வகுப்பில் பாடம் ஒப்புவிக்கும் பிள்ளையின் குரலில். "கையுறையோ துணியோ சிக்கினா அதுவா விடாது. ஆளையும் சேத்து உள்ள எடுக்கும். பாத்தியா?"

பார்த்தேன். அவள் அதோடு நிற்கவில்லை. சிக்கிய தோலைப் பிய்த்தெடுக்க மெசின் மேல் குனிந்தாள். குனிந்தபோது காலர் ஊக்கு நழுவியது. சட்டைக்குள்ளிருந்து தாலிக்கொடி வெளியே வந்து விழுந்தது.

தங்கக்கொடி. கனமானது. இழுத்தால் அறாது. கையுறை புகைந்துகொண்டிருந்த அதே கட்டைக்கு நேர் மேலே அது இடமும் வலமும் ஆடியது.

அக்கா அதை அவசரமாகச் சட்டைக்குள் போட்டு, ஊக்கைத் திரும்பக் குத்தினாள். நான் நானாவைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை இன்னும் சுவிட்சில் இருந்தது.

நானா சொன்னது

"தம்பி, வாங்க, ஒரு ப்ளேன்டீ குடிப்போம்," என்று என்னை வெளியே கூட்டிப்போனார். தேநீர் வந்தது. அவர் குடிக்கவில்லை. அவர் பேச்சில் 'சொல்' என்பது 'செல்' என்று வரும்.

"நான் எல்லாம் செல்லீக்கிறேன் தம்பி. வளையல கழட்டச் சென்னேன், கழட்டினாங்க. மோதிரத்த கழட்டச் சென்னேன், கழட்டினாங்க. அத மட்டும் செல்ல எனக்கு வாய் வரல்ல."

"ஏன் நானா? உயிரு போற விசயமில்லையா?"

"அடுத்த ஊட்டுப் பொம்பளட தாலிய கழட்டுங்கன்னு ஒரு ஆம்பள செல்ல ஏலுமா? அதுவும் நான் செல்லலாமா? எங்கட ஊருல ஒரு சின்னக் கத எவ்வளவு பெரிசாகும்னு ஒங்களுக்குத் தெரியாதா?" கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார். "பழக வராதீங்கன்னு செல்லவும் மனசு வரல்ல. அவங்கட கைய பாத்தீங்களா, உளி கேக்குது. அதனால மிஸ் மெசின்ல நிக்கிற நேரம் முழுக்க நான் சுவிட்சுல கைய வச்சிக்கிட்டு நிக்கிறேன். டீ குடிக்கிறல்ல. போன் எடுக்கிறல்ல. தொழப் போறதுன்னா மெசின நிப்பாட்டிட்டுத்தான் போறது."

"நிப்பாட்டினா உடனே நிக்குமா?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். கையுறைக்கு என்ன நடந்ததென்று நாங்கள் இருவரும் பார்த்திருந்தோம். அவர் அடித்த சுவிட்ச் அதைக் காப்பாற்றவில்லை.

"நீங்க தம்பிதானே. நீங்க செல்லுங்க," என்றார். கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

இத்தனை மாதங்களாக ஒரு மனிதர் மரியாதை காரணமாக வாயை மூடிக்கொண்டு, ஒரு பெண்ணின் கழுத்தைத் தன் விரல் நுனியில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். நாங்களோ அம்பிட்டியவில் இருந்துகொண்டு பெட்டியின் சைஸைப் பற்றிப் பகிடி விட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

பஸ்ஸில் சொன்னது

திரும்பும்போது இருவருக்கும் இருக்கை கிடைத்தது. அக்கா மடியில் அன்று கடைந்த சிறு கிண்ணம், பத்திரிகைத் தாளில் சுற்றி. நான் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் கிண்ணத்தைப் பார்த்தேன்.

"நானா சொல்லிட்டாரா?" என்றாள் அவளே.

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாம? அவரு கை சுவிட்சுல இருக்கிறது தெரியும். டீ ஆறிப்போறதும் தெரியும். அதான் ஊக்குக் குத்துறேன்."

"ஊக்கு நிக்கலையே அக்கா, பாத்தேனே. வீட்டுல கழட்டி வச்சிட்டுப் போனா என்ன?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். குண்டசாலையில் பஸ் நின்று, ஆள் இறங்கி, ஆள் ஏறி, மறுபடி புறப்பட்டது.

"அத்தானுக்கு நெஞ்சுக்குள்ள என்னமோ வச்சிருக்காங்க. எந்த நேரம் என்ன ஆகும்னு டாக்டருக்கே தெரியல. நான் இத கழட்டுன நேரத்துல அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா? நான் உசுரோட இருந்து அத நெனச்சிக்கிட்டே இருக்கணுமா?"

"அப்ப ஒனக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"ஆனா என்ன. சுமங்கலியாத்தான போவேன்."

மல்லி வாங்க மறந்துவிட்டேன் என்று சொல்கிற குரல். அதே குரல். முன் இருக்கையில் ஒரு குழந்தை என்னைப் பார்த்து நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. எனக்குக் காதுக்குள் மெசின் எழும்பியது. இது அரச அலுவலகத்தில் கோப்பு எங்கே என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொடுத்த அக்கா. தேதி கடந்த மருந்தை மறுநொடியே குப்பையில் போடுகிறவள். கையுறையைக் கம்பில் கட்டி எனக்கு ஆபத்தைப் பாடம் எடுத்தவள். அவள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ் ஏறியிருக்கிறாள்.

"அப்ப மெசினயாவது விடு அக்கா."

"அது மட்டும் சொல்லாத." முதன்முறையாக அவள் குரல் தளும்பியது. "அங்க நிக்கிறப்பதான்டா எனக்கு ஆஸ்பத்திரி வாசல் மறக்குது."

கண்டி நெருங்கியதும் மறுபடி அக்காவாகிவிட்டாள். "நீ அத்தான்கிட்ட சொன்னியின்னு வையி, அடுத்த நாளே எல்லாத்தையும் விட்டுடுவேன். அவரு நெஞ்சு தாங்காது. வாய மூடிக்கிட்டு இரு."

நான் தலையசைக்கவில்லை. அவள் அதைக் கவனிக்கவில்லை.

கோணல் கிண்ணம்

அந்தக் கிழமை முழுவதும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. எழுத உட்கார்ந்தால் எழுத்தெல்லாம் சுழன்றது. மின்விசிறியைப் போடவில்லை. கடை வாசலில் கரும்பு பிழியும் மெசினுக்கு எதிர்ப் பக்கமாகத் தெருவைக் கடந்தேன்.

அத்தானிடம் சொன்னால் அவள் அந்தப் பட்டறையை விட்டுவிடுவாள், அவர் நெஞ்சுக்கு என்ன ஆகுமோ. சொல்லாவிட்டால் சனிக்கிழமை வரும். எப்படிப் புரட்டினாலும் சனிக்கிழமை வந்தது.

அக்கா கோயிலுக்குப் போயிருந்த ஒரு பின்னேரம் அம்பிட்டியவுக்குப் போனேன். அத்தான் மண்டபத்தில், சண்டை போடும் கடிகாரங்களுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். மேசைமேல் அக்கா கடைந்த பொருள்கள். சாய்ந்த மெழுகுதிரித் தாங்கி, மூடி பொருந்தாத செப்பு, வாய் கோணிய கிண்ணம். எதையும் அவர் உள்ளே எடுத்து வைக்க விடுவதில்லை. கோணல் கிண்ணத்தில்தான் அவருடைய மாத்திரைகள்.

"பாத்தியா மாப்ள, இது நேரா நிக்காது. என்ன மாதிரியே," என்று கிண்ணத்தை விரலால் ஆட்டிக் காட்டினார்.

சொன்னேன். கையுறையை, ஊக்கை, சுவிட்சை. பஸ்ஸில் அவள் சொன்னதையும் சொன்னேன், அவள் சொன்ன அதே சொற்களில். சொல்லிக்கொண்டே அவர் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் நெஞ்சைப் பிடிக்கவில்லை. ஆடிய கிண்ணத்தை உள்ளங்கையால் நிறுத்தினார். கையை எடுக்காமலே இருந்தார். பகிடி வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அந்த மனிதர் பகிடி இல்லாமல் இருந்து நான் பார்த்ததேயில்லை. மாரடைப்பு வந்த அன்றுகூட, தூக்குப் படுக்கையில் போகும்போது, கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, கதவு ஜாக்கிரதை என்று சொன்னவர்.

"நான் சாவுறத பத்தி சும்மா பேசிக்கிட்டுத் திரிஞ்சேன்," என்றார். "அவ அதையெல்லாம் நெசம்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்கா."

பிறகு சொன்னார்: "அவகிட்ட ஒண்ணும் சொல்லாத. சனிக்கிழம நீயும் வா."

சனிக்கிழமை

நான் வெறுங்கையோடு போகவில்லை. மின்கம்பியில் பட்டதென்று எங்கள் தெருவில் தறித்துப் போட்ட பலாக் கிளையில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். பால் இன்னும் காயவில்லை. சாக்கும் சட்டையும் ஒட்டிக்கொண்டன. பஸ்ஸில் எல்லோரும் என்னை விட்டு விலகி உட்கார்ந்தார்கள்.

அக்கா கட்டையைக் கண்டதும் சாக்கோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். கையுறைக்கு மலர்ந்த முகம் இது அல்ல. "காயணும், பல மாசம் காயணும்," என்று தட்டிப் பார்த்தாள். அப்போதுதான் பட்டறை வாசலில் முச்சக்கர வண்டியிலிருந்து அத்தான் இறங்கினார்.

"நீங்க எதுக்கு வந்தீங்க? மாத்திர போட்டீங்களா?"

"போட்டேன். இங்க வா."

அவர் கையை நீட்டினார். அக்கா முதலில் விளங்காமல் அவர் உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எழுதப் போவதில்லை.

"சொல்லிட்டான்ல," என்றாள். "சரி. இன்னையோட நான் வரல. வாங்க, வீட்டுக்குப் போவோம்."

"போகலாம். ஒண்ணு கேக்குறேன், அதுக்குப் பதில் சொல்லு. ஆஸ்பத்திரில என்னைய உள்ள கொண்டு போறப்ப நீ எனக்குப் போட்ட மோதிரத்த கழட்டி ஒங்கிட்டதான குடுத்தாங்க?"

"ஆமா."

"ராத்திரியெல்லாம் ஒங்கிட்டதான இருந்துச்சு?"

"முந்தானையில முடிஞ்சு வச்சிருந்தேன்."

"நீ செத்தியா?"

"அது மோதிரம்."

"நீ போட்டது. நீ வச்சிருந்த. நான் திரும்பி வந்தேன், போட்டு விட்ட. இது நான் கட்டினது. நான் வச்சிருக்கேன்." குரல் இறங்கியது. "நீ அங்க நிக்கிறப்ப இது ஒன் கழுத்துல இருந்தா, நான் வீட்டுல இருந்தே செத்துடுவேன் சரோ. இது பகிடி இல்ல."

நானா உள்ளே ஏதோ தேடுகிற பாவனையில் பலாக் கட்டைகளை ஓர் ஓரத்திலிருந்து இன்னோர் ஓரத்துக்கு அடுக்கிக்கொண்டிருந்தார். தெருவில் மீன் விற்கிற சைக்கிள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. அக்கா அசையாமல் நின்றாள். அவள் கை மேலே போய், ஊக்கைத் தொட்டு, கீழே வந்தது. மறுபடி மேலே போனது.

கடைசியில் அவள் கழற்றவில்லை. குனிந்தாள். குனிந்த தலைக்கு மேலாக அத்தான்தான் எடுத்தார். தலைமுடியில் ஓரிடத்தில் சிக்கியது, பொறுமையாக விடுவித்தார். அதைச் சட்டைப் பையில் போடவில்லை. எங்கள் எல்லோர் முன்னாலும், தெரு பார்க்க, தன் கழுத்தில் போட்டுக்கொண்டார். சட்டைக்குள் விட்டுப் பொத்தானைப் பூட்டினார். அவளுடைய ஊக்கையும் வாங்கித் தன் காலரில் குத்திக்கொண்டார்.

எங்கள் குடும்பத்தில் இப்படி ஒன்றைக் கண்டவர் யாரும் இருக்க முடியாது. கண்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு வருகிறதா என்று பார்க்கிற பார்வை. அவர் இரண்டு கையையும் விரித்து, இதோ பார், நிற்கிறேன் என்று காட்டினார். அவள் வெற்றுக் கழுத்தை ஒருமுறை தடவிக்கொண்டு உள்ளே போனாள். மெசின் எழுந்தது. அந்த இரைச்சலுக்கு நான் அன்றும் வாசலுக்கு வெளியே ஒதுங்கினேன்.

ஆனால் எட்டிப் பார்த்தேன். நானா சுவிட்சை விட்டுத் தள்ளி வந்து, ஒரு கோப்பைத் தேநீரை எடுத்து, ஊதி, குடித்தார்.

அத்தான் வாசல் பலகையில் பத்திரிகையை விரித்து உட்கார்ந்தார். வேலை இருக்கிறது என்று நான் விடைபெற்றேன். தெருவுக்கு இறங்கியதும் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"மாப்ள, ஊருல எவனாவது ஒங்க அக்கா கழுத்துல தாலியக் காணோமே, அத்தான் போய்ட்டாரான்னு கேட்டா, போகல, கட்டிக்கிட்டு வாசல்லதான் ஒக்காந்திருக்காருன்னு சொல்லு."